மென்பொருள் வேலைக்குப் பட்டம் எவ்வளவு தேவை? கோத்தகிரியிலிருந்து கேட்ட அம்மாவுக்கு ஒரு பதில்

அம்மா, "பட்டம் இல்லாமல் மென்பொருள் வேலை கிடைக்குமா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த வரிக்கு மேலே நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தைப் படித்தபோது, உங்கள் மனதை அரிப்பது வேறொரு கேள்வி என்று எனக்குப் பட்டது. மகன் பிளஸ் டூவில் கணினி அறிவியல் பிரிவில் தேறியிருக்கிறார். இணையத்தில் பார்த்தே கற்றுக்கொள்கிறேன், ஆறு மாதப் பயிற்சி போதும், கல்லூரி வேண்டாம் என்கிறார். மறுபக்கம், கோவையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருவதாக ஒரு தரகர் வீட்டுக்கு வந்து போகிறார். விடுதியோடு நான்கு ஆண்டுக்கு எட்டு லட்சம் என்கிறார். அந்தப் பணத்துக்கு அரை ஏக்கர் தேயிலையை அடமானம் வைக்க வேண்டும். ஆக, அந்தப் பட்டம் இந்தத் தோட்டத்துக்கு ஈடாகுமா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதற்காக என்னைப் பற்றிக் கொஞ்சம். நானும் கோத்தகிரிப் பக்கத்துக்காரன்தான். ஊட்டி அரசு கலைக் கல்லூரியில், ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் கட்டிய பழைய கல் பங்களா இருக்கும் அதே வளாகத்தில், 1999-இல் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். நிரல் எழுதக் கற்றது அதற்குப் பிறகு, கோவையில். இருபது ஆண்டுகளுக்கு மேல் மென்பொருள் எழுதியிருக்கிறேன். அதில் பாதிக் காலம் ஆள் எடுக்கும் நேர்காணல்களில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். 2020 முதல் வீட்டிலிருந்தே வேலை. நான் பார்த்ததெல்லாம் இணையச் செயலிகள், வணிக நிறுவனங்களின் தரவுத்தளங்கள் சார்ந்த வேலை. சிப் வடிவமைப்பு, விளையாட்டு மென்பொருள், ஆராய்ச்சி ஆகிய பக்கங்களில் நான் வேலை பார்த்ததில்லை. அவற்றுக்கு என் பேச்சைப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

சந்தேகமே இல்லாத விஷயங்களை முதலில் சொல்கிறேன். மத்திய, மாநில அரசுகளிலும் பொதுத்துறை வங்கிகளிலும் கணினி சார்ந்த அதிகாரிப் பணிகளுக்கு விண்ணப்பிக்கவே பட்டம் வேண்டும். அங்கே திறமையைக் காட்டும் கட்டம் வருவதற்கு முன்பே கதவு சாத்தப்பட்டுவிடும். ஆயிரக்கணக்கில் புதியவர்களை எடுக்கும் பெரிய மென்பொருள் நிறுவனங்களும் பெரும்பாலும் அப்படித்தான். கல்லூரி வளாகத்துக்கு வந்து எடுக்கிறார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை 60 சதவீதம், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பது போன்ற விதிகளை வைத்திருக்கிறார்கள். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்தவர்களையும் அவர்கள் எடுக்கிறார்கள். தொடக்கச் சம்பளம் பி.இ. படித்தவரைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து வேறு நிறுவனத்துக்கு மாறும்போது, அந்த இடைவெளி வேலைத் திறமையால் அழிந்துபோவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வெளிநாடு. இதை நான் சொந்தமாக அனுபவித்திருக்கிறேன். 2006-இல் என்னை அமெரிக்காவுக்கு அனுப்ப என் நிறுவனம் முடிவு செய்தது. அங்கே வேலை பார்க்கத் தேவையான எச்1பி விசாவுக்கு அங்குள்ள நான்கு ஆண்டுப் பட்டம், அல்லது அதற்குச் சமமானது வேண்டும். என்னுடையதோ மூன்று ஆண்டு பி.எஸ்சி. மூன்று ஆண்டு வேலை அனுபவம் ஓர் ஆண்டுக் கல்லூரிப் படிப்புக்குச் சமம் என்பது அவர்கள் பின்பற்றும் கணக்கு. குறைந்த அந்த ஓர் ஆண்டை ஈடுகட்ட, பழைய மேலாளர்களைத் தேடிப் பிடித்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ன வேலை செய்தேன் என்று கடிதம் கடிதமாக வாங்கினேன். என்னோடு விண்ணப்பித்த பி.இ. நண்பருக்கு இந்த அலைச்சல் எதுவும் இல்லை. பட்டமே இல்லாதவர் அதே கணக்கில் 12 ஆண்டு அனுபவத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டும். எல்லா நாடும் இப்படி இல்லை. ஜெர்மனி 2023 நவம்பர் முதல், பட்டம் இல்லாத கணினி வல்லுநர்களுக்கும் ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதி தருகிறது. கடைசி 7 ஆண்டுகளில் குறைந்தது 3 ஆண்டு பட்டதாரி நிலையிலான அனுபவமும் அவர்கள் குறிக்கும் சம்பளமும் இருக்க வேண்டும். ஆனால் அந்த மூன்று ஆண்டு அனுபவத்தை முதலில் யார் தருவார்கள் என்ற இடத்துக்கே நாம் திரும்பி வந்துவிடுகிறோம்.

ஆகவே பட்டம் இல்லாதவருக்குக் கடினமானது முதல் வேலை. இரண்டாவது, மூன்றாவது வேலைகளுக்கு வரும்போது, முந்தைய இடத்தில் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். நேர்காணலில் நான் யாருடைய சான்றிதழையும் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. ஆனால் என் மேசைக்கு வருமுன்பே பலர் வடிகட்டப்பட்டுவிட்டார்கள் என்பதை வெகுகாலம் கழித்துத்தான் உணர்ந்தேன்.

அதை எனக்கு உணர்த்தியவர் ஓர் இளைஞர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுத் தம்பிக்கு அவர் கதை உதவும். அவரும் நம் மலைக்காரர். பாலிடெக்னிக்கில் சேர்ந்து, அப்பா இறந்ததால் பாதியில் விட்டவர். வீட்டில் பச்சைத் தேயிலை எடுக்கும் ஏஜென்ட் தொழில். ஊர் ஊராகப் போய் இலை எடை போட்டு, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்து, ஃபேக்டரியில் சேர்த்து, மாதக் கடைசியில் விவசாயிகளுக்குக் கணக்கு முடிக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு அவரே கைபேசியில் ஓடும் ஒரு சிறு செயலி எழுதியிருந்தார். தெரிந்தவர் மூலம் என்னிடம் வந்தார். செயலியில் எது உங்களை அதிகம் படுத்தியது என்று கேட்டேன். காலை எடையையும் மாலை எடையையும் கூட்டி, எடைச் சீட்டில் இருக்கும் மொத்தத்தோடு ஒப்பிடும் இடம் என்றார். திரையில் இரண்டும் ஒரே எண்ணாகத் தெரிகின்றன. ஆனால் செயலி, கணக்கு ஒத்துப்போகவில்லை என்று சிவப்பு காட்டுகிறது. விவசாயிகள் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு வாரம் தேடி, காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்.

கணினி எண்களை இரண்டின் அடுக்குகளில் (1/2, 1/4, 1/8 என்று) வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று எவ்வளவு நீட்டினாலும் முடியாததுபோல, 0.1 என்பதைக் கணினியால் அந்த முறையில் துல்லியமாக வைக்க முடியாது. அதனால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பல நிரல்மொழிகளில் 0.30000000000000004 என்று வரும். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 4-தான் சிவப்பு விளக்கை ஏற்றியது. இவர் என்ன செய்தார் என்றால், எடையைக் கிலோவில் வைப்பதை விட்டுவிட்டு கிராமில், முழு எண்ணாக வைத்தார். 12.4 கிலோ என்பது 12,400 கிராம். சிக்கல் தீர்ந்தது. இந்தச் செய்தி எந்தக் கணினி அறிவியல் பாடப் புத்தகத்திலும் முதல் ஆண்டிலேயே இருக்கும். அதை வாழ்க்கையில் ஒருமுறையாவது தொட்டுப் பார்த்தவராக அன்று என் முன்னால் வந்தவர் இவர் ஒருவர்தான்.

பிறகு, உங்கள் பதிவேட்டில் பத்து லட்சம் வரிகள் சேர்ந்து தேடல் மெதுவானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார், சுற்றி வளைக்காமல். தரவுத்தளத்தில் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் என்ற ஒன்று இருப்பதே அவருக்கு அன்றைக்குத் தெரியாது. அவர் தட்டிய இடங்களிலெல்லாம் ஆழமாகத் தெரிந்திருந்தது. தட்ட வேண்டிய அவசியம் வராத இடங்களெல்லாம் வெறுமையாக இருந்தன. தானாகக் கற்றவர்களிடம் நான் பொதுவாகப் பார்ப்பது இதுவே. கல்லூரிப் பாடத்திட்டம், அது எவ்வளவு பழையதாக இருந்தாலும், இயங்குதளம், வலைப்பின்னல், தரவுத்தளம், தரவுக் கட்டமைப்பு என்று ஒரு முழு வரைபடத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது. எங்கே என்ன இருக்கிறது என்றாவது தெரியும்.

அவரை எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அப்போது நான் இருந்த நிறுவனத்தின் விண்ணப்பப் பக்கத்தில் பட்டம் பெற்ற ஆண்டு என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. மனிதவளத் துறையில் கேட்டேன். சம்பள நிலையே பட்டத்தை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது, விதிவிலக்கு தர எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். மூன்று மாதம் இழுத்து, கடைசியில் வேறொரு நிறுவனத்தின் ஒப்பந்தப் பணியாளராகத்தான் உள்ளே வந்தார். பக்கத்து நாற்காலியில் அதே வேலையைச் செய்தவரின் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி. அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. பிறகு அவர் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் பி.சி.ஏ. முடித்தார். இன்று என்னைவிட நல்ல நிலையில் இருக்கிறார்.

இதற்கு மறுபுறத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 85 சதவீதத்தோடு பி.இ. முடித்த ஒருவரிடம் அவருடைய இறுதியாண்டு புராஜெக்டைப் பற்றிக் கேட்டேன். அதில் ஒரு சின்னச் சுழற்சி (லூப்) எதற்காக இருக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. புராஜெக்ட் காசு கொடுத்து வாங்கியது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான்கு ஆண்டும் பெற்றோரின் பணமும் செலவானபின், கையில் ஒன்றும் இல்லாமல் அவர் எழுந்து போனதுதான் வேதனை. எட்டு லட்சம் வாங்கும் கல்லூரி தரும் என்று நீங்கள் நம்புவது எதுவோ, அது தானாக வந்துவிடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பில் கேட்ஸ் கல்லூரியை விட்டவர்தானே என்று தம்பி கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். அவர் 1975-இல் விட்டது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை. அதற்கு முன்பே, 1968-இல், பள்ளி மாணவராக இருக்கும்போதே அவருக்குக் கணினி கைக்கு எட்டியிருந்தது. தந்தை வழக்கறிஞர். தவறி விழுந்தாலும் தாங்கிக்கொள்ள ஒரு வீடு இருந்தது. தம்பி விழுந்தால் தாங்க வேண்டியது உங்கள் அரை ஏக்கர்.

பட்டம் இல்லாமல் நேராகப் போகும் நல்ல வழிகள் சில உண்டு, குறுகலானவை. சோஹோ நிறுவனத்தின் சோஹோ பள்ளிகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு ஆண்டு பயிற்றுவித்து வேலையில் வைத்துக்கொள்கின்றன. சென்னையிலும் தென்காசிப் பக்கத்திலும் நடக்கிறது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். இருந்தாலும் தம்பி எழுதிப் பார்க்கட்டும், இழப்பு ஒன்றுமில்லை. எச்சிஎல் நிறுவனத்தின் டெக்பீ திட்டமும் பிளஸ் டூ முடித்தவர்களுக்கானது. பயிற்சி, வேலை, கூடவே பகுதிநேரப் பட்டப் படிப்பு. கட்டண விதிகளை அவர்களுடைய பக்கத்திலேயே நேரடியாகப் பாருங்கள், இடைத்தரகர் மூலம் வேண்டாம். இந்த இரண்டைத் தவிர, "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று ஆறு மாதத்துக்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் கேட்கும் பயிற்சி நிலையங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். போலி அனுபவச் சான்றிதழ் தருகிறோம் என்பவர்களின் வாசற்படியையும் மிதிக்க வேண்டாம். வருங்கால வைப்பு நிதிப் பதிவை வைத்தே, யார் எங்கே எத்தனை மாதம் வேலை பார்த்தார்கள் என்பதை இன்று சரிபார்த்துவிடுகிறார்கள். ஒருமுறை பிடிபட்டால் அந்தக் கறை போகாது.

இப்போது உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். அடமானம் வைக்க வேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். மாதாமாதம் விலை ஏறி இறங்கும் பச்சைத் தேயிலையை நம்பி எட்டு லட்சத்துக்கு வட்டி கட்டுவது எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தம்பி ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவரா என்று நீங்கள் எழுதவில்லை. படித்திருந்தால், பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2021 முதல் நடப்பில் உள்ளது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. இது இல்லாவிட்டாலும், உங்கள் குடும்பத்தில் இதுவரை பட்டதாரி இல்லை என்றால் முதல் பட்டதாரி சலுகை உண்டு. கல்விக் கட்டணம் குறையும். இவை எல்லாம் கலந்தாய்வு வழியாக வரும் இடங்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. வீட்டுக்கு வந்து போகும் அந்தத் தரகர் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

கலந்தாய்வில் நல்ல இடம் அமையாவிட்டால், அரசு கலைக் கல்லூரியில் கணினி அறிவியலோ கணிதமோ எடுக்கட்டும். கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும்; கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குப் பஸ்ஸில் போய் வரலாம். அதோடு சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய இணையவழி பி.எஸ். படிப்பையும் பாருங்கள். ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை. பிளஸ் டூ முடித்தவர்கள் நான்கு வாரப் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வு எழுதி நுழையலாம். நடுவில் நிறுத்தினாலும் அதுவரை முடித்ததற்குச் சான்றிதழ், டிப்ளமோ, மூன்று ஆண்டுப் பட்டம் என்று கையில் ஏதாவது இருக்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணத் தள்ளுபடி உண்டு. பாடம் வீட்டிலிருந்தே, ஆனால் தேர்வு நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். கடினமான படிப்பு, எல்லாம் ஆங்கிலத்தில். கணிதத்தில் தம்பிக்கு உண்மையான பிடிப்பு இருந்தால் மட்டும் சேரட்டும்.

பட்டம் கையில் வரும் அந்த மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில், தம்பி இன்று சொல்லும் சுயகற்றலை விடாமல் செய்ய வேண்டும். அவர் சொல்வதில் அந்தப் பாதி முழுக்கச் சரி. வேலையை வேலை செய்துதான் கற்க முடியும். தமிழில் படிக்க கணியம் தளம் இருக்கிறது. 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் எழுதி வருகிறார்கள். ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். 18 வயது நிறைந்த பிறகு கட்டற்ற மென்பொருளுக்கு நிரல் எழுத, கூகுள் நடத்தும் 'சம்மர் ஆஃப் கோட்' என்ற கோடைக்கால நிரல் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களையும் சேர்க்கிறார்கள். தேர்வானால் உதவித்தொகையும் உண்டு, உலகத்தில் உள்ள நிரலாளர்கள் நம் வேலையைத் திருத்தித் தருவதும் உண்டு. அந்த இரண்டாவது கொடைக்கு விலையே கிடையாது.

இனிச் சொல்வது என் ஊகம் மட்டுமே, அடித்துச் சொல்லும் விஷயமல்ல. 2022 இறுதியில் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி வந்தபின், புதியவர்களுக்கு நாங்கள் கொடுத்துவந்த சின்னச் சின்ன வேலைகளில் பலவற்றைக் கருவிகளே எழுதிவிடுகின்றன. முதல் படி ஒடுங்கி வருகிறது என்று நினைக்கிறேன். கருவி எழுதித் தந்ததில் எங்கே பிழை என்று கண்டுபிடிப்பவருக்கு மதிப்பு கூடும், ஆறு மாதத்தில் மேலோட்டமாகக் கற்றவருக்குக் குறையும் என்று எனக்குத் தோன்றுகிறது. கிலோவைக் கிராமாக மாற்றிய அந்த இளைஞரைப் போன்றவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

மலையிலிருந்தே வேலை பார்க்கலாமா என்றும் ஒரு வார்த்தை கேட்டிருந்தீர்கள். நான் பார்க்கிறேன், ஜூன், ஜூலை மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் இன்வெர்ட்டரும் இரண்டு இணைய இணைப்பும் இல்லாமல் முடியாது. ஆனால் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் தம்பி கோவையிலோ சென்னையிலோ பெங்களூரிலோ மூத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். அடுத்த நாற்காலியில் இருப்பவர் பிழை தேடும் முறையைப் பார்த்துக் கற்றதுதான் எனக்கு இன்றுவரை சோறு போடுகிறது.

இந்த வாரமே இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்; கலந்தாய்வுக்கு அது கையில் இருக்க வேண்டும். வீட்டில் சேர்ந்திருக்கும் ஓர் ஆண்டு எடைச் சீட்டுகளை எடுத்துத் தம்பியிடம் கொடுத்து, எந்த மாதம் எத்தனை கிலோ போனது, கழிவு எவ்வளவு, பணம் சரியாக வந்ததா என்று சொல்லும் ஒரு நிரலை எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் எனக்குக் காட்டட்டும், உட்கார்ந்து பார்க்கிறேன். தம்பி படித்தது எந்தப் பள்ளி, அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா, தனியாரா என்பதை மட்டும் பதிலில் எழுதுங்கள். கலந்தாய்வில் எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.